துண்டுக்குள் ஒரு கை

பிப்ரவரி 5, திங்கள்

சந்தை நாள். கறவை எருமை இரண்டும் கைமாறிவிட்டன. வாங்க வந்த சடையப்பன் வழக்கம்போல விலையை மத்தியானம் வரை இழுத்தடித்தான். டீக்கடைப் பக்கம் போனால் காசு செலவாகும் என்று கொட்டாவி விட்டே பசியைத் தள்ளுகிற ஆள் அவன். நல்ல மாடு எது என்று தெரிந்தவன், அதனால்தான் பொறுத்துக்கொள்கிறேன்.

வயிற்றுவலி விடவில்லை. கர்ப்பப்பையில் கட்டியாம், எடுத்துவிட வேண்டும் என்கிறார் டாக்டர். எடுக்கட்டும். கோகிலாவைப் பெற்ற பிறகு அதற்கும் வேலை இல்லை, சும்மா ஒரு இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது.

இந்த டைரி மாட்டுத்தீவனக் கம்பெனிக்காரன் வருசா வருசம் கொடுப்பது. எந்த மாடு எப்போது சினை, எப்போது ஈனும், அவ்வளவுதான் இதில் எழுதுவேன். இந்த வருசம் என் உடம்பையும் எழுதவேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 8, வியாழன்

ஆபரேசனுக்கு முன்னால் ரத்தம் பார்க்கவேண்டும் என்று தனியார் ஆஸ்பத்திரியில் எடுத்திருந்தார்கள். இன்றைக்குப் போனால் நர்சுப் பெண் என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"இங்க பண்ண முடியாதுங்க. பெரியாஸ்பத்திரிக்குப் போயிருங்க."

"ஏனம்மிணி, நேத்து வரைக்கும் பண்ணலாம்னுதான சொன்னீங்க?"

சீட்டை என் கையில் கொடுக்கவில்லை. மேசைமேல் வைத்து ஒரு விரலால் தள்ளினாள். மாட்டை வேண்டாம் என்று முடிவு செய்தவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். வாயால் சொல்லமாட்டான். முதலில் கயிற்றை விடுவான்.

பிப்ரவரி 12, திங்கள்

சந்தை. எழுத ஒன்றுமில்லை. சீட்டு இன்னும் பையில் கிடக்கிறது.

பிப்ரவரி 13, செவ்வாய்

வேலப்பன் பைக்கில் கூட்டிப்போனான். வேலப்பன் என் தரகன். மாடு பிடித்துக்கொடுப்பது, ஆள் கூட்டிவருவது, லாரி பேசுவது எல்லாம் அவன்தான். பெரியாஸ்பத்திரியில் சீட்டைக் காட்டியதும் ஒரு தனி அறைக்கு அனுப்பினார்கள். வாசலில் 'நம்பிக்கை மையம்' என்று போட்டிருந்தது. வேலப்பன் அந்த போர்டைப் படித்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

"டீ குடிச்சுட்டு வந்தர்றனுங்க்கா," என்று போனான். டீக்கடை அந்தப் பக்கம் இல்லை.

உள்ளே ஜெசிந்தா என்று ஒரு பெண். என் கோகிலா வயசு. மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ஒரு முறை பார்த்து நம்புவதில்லையாம், வேற வேற முறையில் மூன்று தடவை பார்ப்பார்களாம். அது எனக்குப் பிடித்திருந்தது. நானும் பாலை ஒரே வேளை பீய்ச்சிப் பார்த்து மாடு வாங்கமாட்டேன்.

"எச்.ஐ.வி. இருக்குதுங்கம்மா," என்றாள்.

"எய்ட்ஸா?"

"ரெண்டும் ஒண்ணில்லீங்க. எச்.ஐ.வி. கிருமியோட பேரு. உள்ள போயி, நோய எதிர்க்கிற அணுவைக் கொஞ்சங்கொஞ்சமாத் தின்னும். ரொம்ப வருசம் சத்தமில்லாமக் கெடக்கும். தின்னு தீத்து, வர்ற காய்ச்சல் சளிய எல்லாம் ஒடம்பு தாங்காமப் போற நெலைக்குத்தான் எய்ட்ஸ்னு பேரு. மருந்து போட்டா அந்த நெலைக்கே போக வேண்டியதில்ல."

"அப்போ எச்.ஐ.வி.ங்கறது உண்ணி. எய்ட்ஸ்ங்கறது மாடு படுத்துட்ட நெலை."

அவள் யோசித்துப் பார்த்தாள். "ஏறக்குறைய அப்படித்தானுங்கம்மா."

கொம்பிலிருந்து குளம்பு வரைக்கும் ஒரு பார்வையில் அளந்துவிடுகிறவள் நான். பல்லைப் பார்த்து வயசு, மூக்கு ஈரத்தைப் பார்த்துக் காய்ச்சல், நடையைப் பார்த்து வயிற்றுக் கோளாறு. "என்னையப் பாத்தாச் சீக்குக்காரி மாதிரியா இருக்குது?" என்று கேட்டேன். "பாத்தாத் தெரியாதுங்கம்மா, யாரையுமே பாத்துச் சொல்ல முடியாது," என்றாள். சீக்கு இருக்கிறது என்றதைவிட இதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் தொழிலே பார்க்கிறதுதான்.

எப்படி ஒட்டும் என்று சொன்னாள். ஆணுறை இல்லாத உறவு. கிருமி இருக்கிறவர் ரத்தம் ஏறினால். ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போட்டால். தாயிடமிருந்து பிள்ளைக்கு, வயிற்றிலோ பிரசவத்திலோ தாய்ப்பாலிலோ. அவ்வளவுதான். எச்சில், இருமல், கொசு, ஒரே தட்டு, ஒரே கக்கூசு, கை கொடுப்பது, கட்டிப்பிடிப்பது எதிலும் ஒட்டாது.

"மாட்டுக்கு ஊசி போடறப்ப என் கையில பல தடவ குத்தியிருக்குது. அதே ஊசியத்தான் மாட்டுக்கும் போட்டிருக்கறேன். மாட்டுக்குப் போயிருக்குமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டாள். "போகாதுங்கம்மா. இது மனுசங்களுக்கான கிருமி."

எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு கேட்டாள், "வீட்டுக்காரரு?"

"செத்து ஏழு வருசமாச்சு. காசநோய்."

பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 16, வெள்ளி

எதிர்ப்பு அணுவை எண்ணிப் பார்த்தார்கள். குறைவுதான், ஆனால் படுக்கிற அளவுக்கு இல்லை. காசநோய் இருக்கிறதா என்றும் பார்த்தார்கள், இல்லை. மாத்திரை கொடுத்தார்கள். தினம் ஒன்று, ஒரே நேரத்தில், ஆயுசுக்கும்.

"கோமாரிக்குப் போடற மாதிரி ஒரே ஊசியாப் போட்டு முடிச்சுற முடியாதா கண்ணு? எவ்வளவானாலும் நாம் பாத்துக்கறேன்."

"இதுல வெலையே பேச முடியாதுங்கம்மா. இலவசம்."

இலவசமாக வருகிற சரக்கின் மேல் எனக்கு என்றைக்கும் நம்பிக்கை கிடையாது. அதையும் சொன்னேன். ஒழுங்காகப் போட்டால் ஆறு மாசத்தில் கிருமி பரிசோதனையிலேயே தெரியாத அளவுக்கு அடங்கிவிடும் என்றாள். அப்போது நிறுத்திவிடலாமா என்றேன். நிறுத்தினால் மறுபடி கிளம்பும், விட்டுவிட்டுப் போட்டால் மருந்துக்கே பழகிவிடும் என்றாள். சரி, மூக்கணாங்கயிறு. மாடு சாதுவாக நிற்கிறதே என்று உருவிவிட்டால் முடிந்தது கதை.

ஆபரேசன் இங்கேயே செய்வார்களாம். கொஞ்சம் உடம்பு தேறட்டும் என்கிறார்கள்.

பிப்ரவரி 19, திங்கள்

தலை கிறுகிறுக்கிறது. கண்டகண்ட கனா. சந்தைக்குப் போனேன், போகாமல் இருந்தால் பேச்சு வரும்.

பிப்ரவரி 22, வியாழன்

வளைகாப்பு முடித்துக் கோகிலாவைப் பிரசவத்துக்குக் கூட்டிவந்தாயிற்று. வந்ததும் வாசப்படியில் உட்கார்ந்து, "அம்மா, தலைக்கு எண்ணெ வெச்சு உடு. அங்க மாமியா எண்ணெயத் தொட்டு மட்டுந்தான் வெக்கறாங்க," என்றாள். எனக்குத் தவிடு கலக்குகிற வேலை இருந்தது. பக்கத்து வீட்டுப் பாப்பாத்தியைக் கூப்பிட்டு வைத்துவிடச் சொன்னேன்.

நசுங்கிய டம்ளர் ஒன்று எனக்கென்று எடுத்து, தொட்டிக்கு மேல் மாடத்தில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். சளி பிடித்திருக்கிறது, அவளுக்கு ஒட்டிக்கொள்ளக் கூடாது அல்லவா.

பிப்ரவரி 26, திங்கள்

எங்கள் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. ஒரு துண்டை இரண்டு பேர் கைக்கும் மேலே போட்டுக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவோம். ஒரு விரல் பிடித்தால் ஒன்று, மொத்தக் கையையும் பிடித்தால் ஐந்து. ஆயிரமா பத்தாயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே தெரியும். சுற்றி நிற்கிறவன் எவனுக்கும் விலை தெரியாது. அதுதான் வியாபாரம்.

இவர் செத்த பிறகு நான் சந்தைக்கு வந்தபோது பொம்பளைக் கையைத் துண்டுக்குள் பிடிக்க எவனும் முன்வரவில்லை. "வேலப்பங்கிட்டச் சொல்லுங்க, அவங்கையில பேசிக்கறோம்," என்பார்கள். தரகன் கையில் பேசினால் என் விலை அவனுக்கும் தெரிந்துவிடும். துண்டை என் தோளில் போட்டுக்கொண்டு சந்தை வாசலில் நின்றேன். நல்ல மாடாக வைத்திருந்தேன். மாட்டுக்காகக் கையைப் பிடித்தார்கள். அப்புறம் பழகிவிட்டது. இத்தனை வருசத்தில் இந்தக் கைக்குத் தெரியாத கை சந்தையில் இல்லை.

இன்றைக்கு ஒரு ஆளுக்காக விலை கேட்டு வந்த வேலப்பனிடம் துண்டை நீட்டினேன்.

"கை சுளுக்கீருச்சுங்க்கா. வாயிலயே சொல்லீருங்க."

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், சுளுக்கிய கையால் கிடாரிக் கன்றின் வாலை முறுக்கி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

சீக்குச் சேதியை யார் சொன்னது, எங்கே கிளம்பியது என்று தேடுவது வீண். வந்துவிட்டது. கன்று ஏறிய பிறகு லாரிக்காரனிடம் வேலப்பன், "அக்காவோட மாட்டுக்குத் தார்ப்பாய் நல்லாப் போடு," என்று சொன்னதையும் எழுதிவைக்கிறேன். அவனும் கெட்டவன் இல்லை.

மார்ச் 4, திங்கள்

துண்டை நீட்டினால் பிடிக்கமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. நெருப்பைத் தொடுகிற மாதிரி விரல் நுனியைத் தொட்டுவிட்டு எடுத்துக்கொள்கிறார்கள். ஒருத்தன் இரண்டு துண்டு போட்டான். நான் கையை விடாமல் இறுக்கிப் பிடித்து, "கொறைக்க முடியாதுங்க," என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். நெற்றியில் வேர்த்துவிட்டது அவனுக்கு. கையை உருவிக்கொள்கிற அவசரத்தில் நான் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு போனான்.

மூன்று மாடும் அப்படியே போயின. இப்படி ஒரு விலை எனக்கு எந்தச் சந்தையிலும் கிடைத்ததில்லை. சடையப்பன் இல்லை. மகள் வீட்டுக்குப் போயிருக்கிறானாம், அங்கே சோறு ஓசி.

வீட்டுக்கு வந்து பணத்தைப் பெட்டியில் போட்டேன். கை கழுவினேன். மறுபடியும் கழுவினேன்.

மார்ச் 7, வியாழன்

மாட்டுக்கொட்டாயில் இவருடைய கயிற்றுக்கட்டில் மூலையில் கிடக்கிறது. விறகு அடுக்கியிருக்கிறேன் அதன்மேல். இன்றைக்கு விறகை இறக்கிப் பார்த்தேன், கட்டில் நன்றாகத்தான் இருக்கிறது.

கடைசி இரண்டு வருசம் அதில்தான் படுத்தார். வீட்டுக்குள் வரமாட்டார். தட்டும் டம்ளரும் அங்கேயே வைத்துக்கொண்டார், தானே கழுவிக்கொண்டார். கேரளாவுக்கு மாட்டு லாரியோடு போகிற மனுசன், அங்கே எவளையோ பிடித்துக்கொண்டார், அதனால்தான் நான் கசக்கிறேன் என்று நினைத்தேன். ஒருநாள் அந்தத் தட்டை எடுத்துச் சாக்கடையில் வீசினேன். அவர் போய் எடுத்துக்கொண்டு வந்து சாம்பல் போட்டு விளக்கினார்.

இப்போது தெரிகிறது, தள்ளிப்படுத்தது எதற்கு என்று. தட்டைத் தள்ளிவைத்தது வீண் வேலை. கட்டிலைத் தள்ளிப்போட்டது காலம் கடந்த வேலை. வாயைத் திறந்திருந்தால் இரண்டு பேருமே மாத்திரை போட்டிருக்கலாம். இலவசம்தானே.

குழந்தைவேலு என்று அவர் பெயர். இந்த டைரியில் இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

மார்ச் 11, திங்கள்

சந்தை. இன்றைக்கும் நான் சொன்னதே விலை. ஒருத்தன்கூடப் பேரம் பேசவில்லை. வெயில் அதிகம். களைப்பாக இருக்கிறது, மாத்திரையால் இல்லை, தலைசுற்றல் எல்லாம் போயே விட்டது. சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 14, வியாழன்

கோகிலா மாடத்திலிருந்து டம்ளரை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள்.

"இது என்னம்மா?"

"சளி."

"வந்ததுல இருந்து சளியா? ஒரு தும்மலு தும்மல நீ. என்னைய ஒரு தடவ தொட்டியா நீ? கால் வீங்கிக் கெடக்குது, பாப்பாத்தியக்கா வந்து அமுக்கி உடறாங்க. எம் வயித்துமேல கை வெச்சுப் பாத்தியா? நா என்னத்துக்கு இங்க வந்தேன்?"

சொல்லிவிட்டேன். ஜெசிந்தா சொன்ன மாதிரி வரிசையாக, கிருமி, அணு, மாத்திரை என்று. சரக்கைப் பற்றிச் சொல்கிற மாதிரி குரலை வைத்துக்கொண்டுதான் சொன்னேன். அப்பன் பேச்சு வந்த இடத்தில் அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"உனக்கும் பாக்கோணும் கண்ணு, அதச் சொல்லத்தான் எனக்கு வாயி வரல," என்றேன்.

"எனக்குப் பாத்துட்டாங்க. மூணாம் மாசமே. மாசமா இருக்கற எல்லாத்துக்கும் பாப்பாங்க, வளைகாப்புக்கு முன்னாடி இன்னொருக்காலும் பாத்தாங்க. எனக்கு இல்ல." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஆமா, உங்கிட்ட அந்தப் பொண்ணு என்ன சொன்னா? டம்ளர்ல ஒட்டும்னா சொன்னா?"

"ஒட்டாதுன்னா."

"அப்பறம்?"

காது கேட்டுக்கொண்டது, கை கேட்கமாட்டேன் என்கிறது. அவ்வளவுதான்.

அந்த நசுங்கிய டம்ளரில் தண்ணீர் மொண்டு என் முன்னாலேயே குடித்தாள். குடித்துவிட்டு மற்ற டம்ளர்களோடு கவிழ்த்தாள். "இனி இது தனியா இருந்துதுன்னா நாளைக்கே மாமியா ஊட்டுக்கு பஸ் ஏறீருவேன்." பிள்ளைத்தாய்ச்சியின் மிரட்டல், ஒன்றும் செய்யமுடியாது.

தலையில் எண்ணெய் வைத்துவிடு என்று அதன் பிறகு அவள் கேட்கவில்லை. நானும் போகவில்லை.

மார்ச் 18, திங்கள்

செவலைப் பசுவைக் கொண்டுபோயிருந்தேன். இரண்டாம் ஈத்து, சாது, மடி நன்றாக விட்டிருக்கிறது. சந்தைக்குள் நுழையும்போதே சடையப்பனைப் பார்த்துவிட்டேன். சட்டை காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, மாட்டைச் சுற்றி வந்தான். வாலைத் தூக்கினான், மடியைத் தட்டினான், பல்லைப் பார்த்தான்.

"கெழட்டு மாட்டக் கழுவிக் கொண்டாந்திருக்கறயா அம்மிணி?"

"கண்ணாடி போடுங்ண்ணா. ஆறு பல்லு."

"ஆறு பல்லா, ஆட்டம் காணற பல்லா?" என்று தோளிலிருந்து துண்டை உருவினான்.

வேலப்பன் பத்தடி தள்ளி நின்றுகொண்டு, "அண்ணோவ்," என்று ஒரு குரல் கொடுத்தான். எச்சரிக்கைதான் அது. சடையப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. என் கைமேல் துண்டைப் போட்டு, உள்ளே கையை விட்டு, என் விரல்களைப் பிடித்தான். பிடித்தான் என்றால் முன்னே எல்லாம் பிடிப்பானே, கறவைக்காரன் காம்பைப் பிடிக்கிற மாதிரி, அப்படி. நான் ஒரு விலை அழுத்தினேன். அவன் சிரித்துவிட்டு வேறொன்று அழுத்தினான். பகல் கொள்ளை.

வழக்கம்போல நானும் கையை விடாமல் இறுக்கிக்கொண்டு நின்றேன். இப்போது உருவுவான், இப்போது உருவுவான் என்று. அவன் உருவவே இல்லை. வெயில் ஏறியது. மாடு சாணி போட்டது. சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. எங்கள் முகத்தை ஒருவனும் பார்க்கவில்லை, எல்லாருடைய கண்ணும் துண்டின் மேலேயே இருந்தது.

"கேள்விப்படலியாண்ணா நீங்க?" என்று மெதுவாகக் கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"எல்லாம் கேள்விப்பட்டாச்சு. ஊரே ரெண்டு வாரமா உங்கிட்ட அள்ளிக் குடுத்துட்டுப் போகுதாமா? சக்கரை மாத்தர வாங்கப் போனப்ப டாக்டரம்மாகிட்டக் கேட்டேன், கை புடிச்சா ஒட்டுமான்னு. ஒட்டாதுன்னாங்க. கேட்டதுக்குத் தனியா பீசும் இல்லீன்னாங்க." குரலைத் தாழ்த்தவே இல்லை அந்த ஆள், சந்தை முழுக்கக் கேட்டது. "ஒட்டாத சீக்குக்கு நா எதுக்கம்மிணி ஆயிரம் கூடக் குடுக்கோணும்? கொறை!"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நான் குறைக்கமாட்டேன் என்று நடுவிரலை மடக்கினேன். அவன் அதை நிமிர்த்திப் பிடித்து முறிக்கிற மாதிரி அழுத்தினான். "பிசினாரி," என்றேன். "ராங்கி புடிச்சவளே," என்றான். அந்தப் பக்கம் போய் மாட்டைத் திட்டிவிட்டு வந்து மறுபடி கையை விட்டான். கண் எரிந்தது. சாணிப்புழுதி.

கடைசியில் அவன் விலைக்கே விட்டேன். நான் கொடுத்த அசலுக்கும் கீழே. இந்த வருசத்திலேயே படு நட்டம். பசுவைப் பிடித்துக்கொண்டு போகும்போது, "டீ வாங்கிக் குடு," என்று அதையும் என் தலையில் கட்டினான்.

டீக்கடையில் நிற்கும்போது வேலப்பன் வந்து பக்கத்தில் நின்றான். என் தோளிலிருந்து நழுவிய துண்டை எடுத்துக் கொடுத்தான். கையில் கொடுத்தான்.

"சுளுக்கு எப்படி இருக்குது?" என்றேன்.

"பரவால்லீங்க்கா." தரையைப் பார்த்தான். "அடுத்த வாரத்துக்குள்ள சரியாப் போயிருமுங்க."

ஆகட்டும். அவசரம் இல்லை.

வீட்டுக்கு வந்தால் விரல் நான்கும் வீங்கிக் கிடக்கின்றன. வலி போகத் தேய்த்துக்கொள்ளலாம் என்று எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வாசப்படியில் உட்கார்ந்தேன். கிண்ணத்தின் சத்தம் கேட்டுக் கோகிலா வெளியே வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு எனக்குக் கீழ்ப் படியில் மெல்ல உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்துவிட்டாள்.

பிள்ளைக்கு முடி அடர்த்தி, என்னை மாதிரி. உள்ளங்கை நிறைய ஊற்றி உச்சியில் வைத்தேன்.

"சூடா இருக்குதும்மா உங்கை," என்றாள்.

மாத்திரை போட்டாயிற்று. இந்தப் பக்கம் முழுக்க எண்ணெய்க் கறை, பேனா வழுக்குகிறது. விரல் இன்னும் வலிக்கிறது. கிண்ணத்தில் எனக்கு மிச்சம் வைக்கவில்லை.